பிளக் உள்ள போயிட்டா மட்டும் போதாது

இங்க சிங்கப்பூர்ல ஸ்கூல் லீவு நெருங்குனா போதும், குடும்ப வாட்சப்புல ஒரே கேள்விதான் வரும். "அண்ணே, ஜப்பானுக்கு எந்த அடாப்டர்?" "தம்பி, திருச்சிக்கு நம்ம மூணு பின் சேருமா?" நான் எலக்ட்ரிக்கல் லைன்ல வேலை பாக்குறதால எல்லாரும் என்கிட்டதான் கேக்குறாங்க, நானும் சலிக்காம பதில் சொல்லிட்டுத்தான் இருக்கேன், ஆனா எல்லாரும் கேக்குறது பிளக்கோட வடிவத்தைப் பத்தி மட்டும்தான். வடிவம் ரொம்ப சின்ன விஷயம்ங்க. பத்து வெள்ளி அடாப்டர்ல அது முடிஞ்சு போயிடும். பிளக் உள்ள போயிட்டதால மட்டும் அந்த சாமான் அந்த ஊர் கரண்டைத் தாங்கும்னு அர்த்தம் இல்ல, எர்த் (கசியுற கரண்டைத் தரைக்குக் கொண்டு போற வயர்) கிடைக்கும்னும் அர்த்தம் இல்ல. இதைத்தான் கொஞ்சம் விவரமா எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சேன்.

முதல்ல வீட்டை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. எடுத்துட்டுப் போற ஒவ்வொரு சார்ஜரையும் கையில எடுத்துத் திருப்பிப் பாருங்க. அடியிலயோ பக்கத்துலயோ சாம்பல் கலர்ல, எறும்பு சைஸுக்கு எழுத்து இருக்கும், வெள்ளை சார்ஜர்ல வெள்ளைக்குப் பக்கத்து கலர்லயே அடிச்சிருப்பாங்க, கண்ணுக்கே தெரியாது. போன்ல போட்டோ எடுத்து பெரிசாக்கிப் பாருங்க. அதுல இன்புட்னு ஆரம்பிக்கிற வரி ஒண்ணு இருக்கும். 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்னு போட்டிருந்தா உலகத்துல எந்த ஊர்லயும் சொருகலாம், அடாப்டர் மட்டும் போதும். 220-240னு மட்டும் போட்டிருந்தா அது ஜப்பான், தைவான், அமெரிக்கா பக்கம் போகக்கூடாத சாமான். போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர், கேமரா சார்ஜர் இதெல்லாம் இப்ப பெரும்பாலும் முதல் வகைதான், ஆனாலும் பாத்துடுங்க, பாக்குறதுக்கு அரை நிமிஷம்தான் ஆகும்.

மாட்டிக்கிறது எல்லாம் சூடாகுற சாமானும் மோட்டார் சாமானும்தான். ஹேர் டிரையர், அயர்ன் பாக்ஸ், டிராவல் கெட்டில், குழந்தைக்கு பால் சூடு பண்றது, நெபுலைசர். இங்க நம்மகிட்ட 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜப்பான்ல 100 வோல்ட். நம்ம 230 வோல்ட் ஹேர் டிரையரை அங்க சொருகுனா எரியாது, ஆனா சூடு அஞ்சுல ஒரு பங்குகூட வராது, ஏன்னா வோல்டேஜ் குறையுற மாதிரி பவர் குறையாது, அதோட வர்க்கத்துல குறையும். டைசன் மாதிரி விலை கூடின ஹேர் டிரையர்கூட வாங்குன நாட்டு வோல்டேஜுக்கு மட்டும் செஞ்சதுதான், கன்வெர்ட்டர் போட்டு ஓட்டலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. தங்குற ஹோட்டல்லயே ஒண்ணு இருக்கும், அதை எடுத்துக்கிட்டா போச்சு.

இதே கணக்கு திரும்புனா ஆபத்து. எங்க சொந்தக்காரர் வீட்ல ஜப்பான் போயிட்டு வந்தவங்க அழகான ரைஸ் குக்கர் ஒண்ணு வாங்கிட்டு வந்தாங்க, அது அந்த ஊர் ஆளுங்களுக்காகச் செஞ்சது, 100 வோல்ட். இங்க ஒரு அடாப்டரை மாட்டி சொருகுனதும் டப்புன்னு ஒரு சத்தம், கருகல் வாசம், அவ்வளவுதான், ஒரு தடவைகூட சோறு ஆக்கல. 100 வோல்டுக்கு 1000 வாட் இழுக்குற காயில் 230 வோல்ட்ல 5 மடங்குக்கு மேல, கிட்டத்தட்ட 5300 வாட் இழுக்கப் பாக்கும். எந்தக் குக்கர் தாங்கும் சொல்லுங்க. ஜப்பான்ல டூரிஸ்டுக்குன்னே 220-240 வோல்ட் மாடல் தனியா விக்கிறாங்க, டூட்டி ஃப்ரீ கடையில கேட்டு, பெட்டியில இருக்குற வோல்டேஜைப் படிச்சுட்டு வாங்குங்க. அம்மாக்காரங்க ஆசையா வாங்குறது, அது வீணாப்போறதைப் பாக்கவே கஷ்டமா இருக்கு.

ஜப்பானைப் பத்தி பேசுறப்ப இன்னொண்ணு, எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம். அங்க ஒரே நாட்டுக்குள்ள ரெண்டு ஃப்ரீக்வென்சி, அதாவது கரண்ட் ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை அலை அடிக்குதுங்கிற கணக்கு. டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாக்கா பக்கம் 60. 1895ல டோக்கியோக்காரங்க ஜெர்மனி ஏஇஜி கம்பெனி ஜெனரேட்டரை வாங்குனாங்க, அடுத்த வருஷம் ஒசாக்காக்காரங்க அமெரிக்கா ஜெனரல் எலக்ட்ரிக்கோடதை வாங்குனாங்க, அன்னைக்கு பிரிஞ்சது இன்னைக்கு வரைக்கும் சேரல. 2011 பூகம்பத்தப்ப கிழக்குப் பக்கம் கரண்ட் இல்லாம தவிச்சப்ப மேற்குப் பக்கத்துலருந்து தேவையான அளவு அனுப்ப முடியாம போனதுக்கு இதுவும் ஒரு காரணம். போன் சார்ஜருக்கு இதால ஒரு பிரச்சனையும் இல்ல. மோட்டார் சாமானுக்குத்தான் வேகம் மாறும்.

சரி, நம்ம ஆளுங்க அதிகமா போறது ஊருக்குத்தான். திருச்சி, சென்னை, மதுரை, கோயம்புத்தூர். அங்கயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அதனால நம்ம சாமான் எல்லாம் ஓடும்னு தைரியமா போயிடுறோம். நம்பர் ஒண்ணுதான், ஆனா நிலைமை வேற. சிங்கப்பூர்ல கரண்ட் போறதுங்கிறதே நியூஸ் ஆகுற விஷயம், வீட்ல மெயின் சுவிட்ச் இருக்குற டிபி பாக்ஸைத் திறந்தா ஆர்சிசிபின்னு ஒரு பாதுகாப்பு சுவிட்ச் இருக்கும், 30 மில்லி ஆம்ப் லீக் ஆனாலே டப்புன்னு விழுந்துடும். பழைய வீடுகள்லயும் 2025 ஜூலை 1க்குள்ள இதைப் போட்டே ஆகணும்னு இங்க சட்டமே கொண்டு வந்துட்டாங்க. அந்தப் பாதுகாப்புக்குள்ளயே வாழ்ந்து பழகிட்டு, ஊர்ல பாட்டி வீட்டு சுவிட்ச் போர்டுலயும் அது இருக்கும்னு நினைச்சுக்கக் கூடாது. புது வீடு கட்டுனவங்க நல்லாப் போட்டு வச்சிருக்காங்க, அதை நான் மறுக்கல, ஆனா பழைய வீட்ல மூணு ஓட்டை இருக்கும், மேல இருக்குற பெரிய ஓட்டைக்குப் பின்னாடி எர்த் வயரே வந்திருக்காது.

ஊர்ல சாமான் எரியுறதுக்கு முக்கியமான காரணம் கரண்ட் போறது இல்ல, திரும்ப வர்ற நேரம்தான். அதுலயும் மோசமானது நியூட்ரல் கட். ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, "நியூட்ரல் போயி தெருவுல அத்தனை வீட்டு டிவியும் போச்சு"ன்னு. என்ன நடக்குதுன்னா, டிரான்ஸ்ஃபார்மர்லருந்து மூணு ஃபேஸ் (கரண்ட் கொண்டு வர்ற கம்பி) வருது, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஃபேஸும் பொதுவா ஒரு நியூட்ரலும் (கரண்ட் திரும்பிப் போற கம்பி) கொடுத்திருப்பாங்க. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல 230, ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல 400. காத்துல மழையில நியூட்ரல் கம்பி அறுந்துட்டா உங்க வீடும் வேற ஃபேஸ்ல இருக்குற எதிர்வீடும் அந்த 400க்கு நடுவுல ஒண்ணோட ஒண்ணு தொடர்ந்து மாட்டிக்கும். யார் வீட்ல கம்மியா சாமான் ஓடுதோ அவங்க பக்கம் வோல்டேஜ் எகிறும். எதிர்வீட்ல ஹீட்டர், மோட்டார் எல்லாம் ஓடிட்டு இருக்க, உங்க வீட்ல ஒரு லைட்டும் ஒரு போன் சார்ஜரும் மட்டும் இருந்துச்சுன்னு வைங்க, அந்த 400ல பெரும்பங்கு உங்க சார்ஜர் தலையில வந்து விழும்.

இப்ப சார்ஜருக்குள்ள என்ன இருக்குன்னு பாப்போம். உள்ள வந்ததும் லைன்ல வர்ற ஏசி கரண்டை டிசியா, அதாவது ஒரே திசையில ஓடுற கரண்டா மாத்தி ஒரு கப்பாசிட்டர்ல நிரப்பும், சுண்டுவிரல் நுனி சைஸுல ஒரு சின்ன உருளை, பெரும்பாலும் அது 400 வோல்ட் தாங்குறது. ஏசியோட உச்சம் சொல்ற நம்பரைவிட 1.4 மடங்கு இருக்கும், அதனால 240 வோல்ட் ஏசி வந்தா அதுக்குள்ள 340 கிட்ட நிக்கும், சமாளிச்சுடும். 400 வோல்ட் ஏசி வந்தா 565. அவ்வளவுதான், உப்பி வெடிச்சுடும். அதனாலதான் 100-240னு போட்டிருக்கிற சார்ஜர் வோல்டேஜ் குறைஞ்சா கவலையே படாது, கூடினா மட்டும் போயிடும். சாயங்காலம் லோ வோல்டேஜுன்னு அத்தை வீட்ல ஃபேன் மெதுவா சுத்துறப்ப உங்க போன் பாட்டுக்கு சார்ஜ் ஆயிட்டு இருக்கும், பாத்திருப்பீங்க.

அதனால ஊர்ல இருக்குறப்ப கரண்ட் போனதும் முதல்ல லேப்டாப், போன் சார்ஜரைக் கழட்டுங்க. சுவிட்சை மட்டும் அமத்துனா போதாது, பழைய வீட்ல சுவிட்ச் நியூட்ரல் பக்கம் போட்டிருந்தாலும் போட்டிருப்பாங்க, அப்ப சுவிட்சை அமத்தியும் ஃபேஸ் கம்பி சார்ஜரோட சேந்தேதான் இருக்கும். கரண்ட் வந்து அஞ்சு பத்து நிமிஷம் லைட்டு நிலையா எரியுதான்னு பாத்துட்டு சொருகுங்க. லைட்டு வழக்கத்தைவிட பளிச்சுன்னு எரிஞ்சாலோ, ஃபேன் திடீர்னு பேய் வேகத்துல சுத்துனாலோ யோசிக்காதீங்க, மெயினை அமத்திட்டு அப்புறம் மத்ததைப் பாருங்க. தீபாவளி, டிசம்பர் லீவுக்குப் போறப்ப அங்க வடகிழக்குப் பருவமழை வேற, இடி இடிக்க ஆரம்பிச்சாலே பிளக்கைப் பிடுங்கிடணும், எகிறுற வோல்டேஜைத் தடுக்குற சர்ஜ் புரொடெக்டர் எதுவும் பக்கத்துல விழுற இடியை முழுசா தடுக்காது. அமெரிக்காவுலருந்து வர்ற சொந்தக்காரங்க 120 வோல்ட் சர்ஜ் எக்ஸ்டென்ஷனை பாசமா கொடுத்துட்டுப் போவாங்க, அதை 230ல தயவுசெஞ்சு சொருகாதீங்க, உள்ள இருக்குற பாதுகாப்பு சாமானே முதல்ல கருகிப் புகையும்.

அடுத்தது லூஸ் பாயிண்ட். இது சத்தம் போடாம கெடுக்குற விஷயம். ஊர் சாக்கெட்ல ரெண்டு ஓட்டையும் 5 மில்லிமீட்டர் தடிமன் பின்னுக்குச் செஞ்சது. ஐரோப்பா ரெண்டு பின் 4 மில்லிமீட்டர்தான். உள்ள போகும், ஆனா பிடிக்காது, சாயும், லேசா ஆட்டுனா சர்ர்ருன்னு சத்தம் வரும், இருட்டுல பாத்தா நீலமா பொறி தெரியும். அந்தப் பொறிதான் சூடு, அந்த சூடுதான் பிளாஸ்டிக்கை உருக்குறது. லாட்ஜ்ல இப்படி ஒரு பாயிண்டைப் பாத்தா, பேப்பரை மடிச்சு முட்டுக் கொடுத்துட்டுத் தூங்கப் போகாதீங்க, வேற பாயிண்ட் தேடுங்க. ரிசப்ஷன்ல கேட்டா மாத்திக் கொடுப்பாங்க, கேக்குறதுல என்ன வெட்கம்.

இங்க தள்ளுனா அங்க பின் வெளிய வர்ற மாதிரி ஒரே டப்பாவுல எல்லா நாடும் இருக்குற அடாப்டர் இருக்குல்ல, அது போன், கேமரா சார்ஜ் பண்ண ஓகே. ஆனா நிறைய மாடல்ல எர்த் கிடையாது, உள்ள 6 ஆம்ப், 8 ஆம்ப் ஃப்யூஸ்தான். 6 ஆம்ப்னா 230 வோல்ட்ல 1380 வாட். அதுல அயர்ன் பாக்ஸை மாட்டுறது வேண்டவே வேண்டாம், ஃப்யூஸ் பிரச்சனை ஒரு பக்கம், உலோக உடம்பு உள்ள சாமானை எர்த் இல்லாம கையில பிடிக்கிறது இன்னொரு பக்கம். குடும்பமா ஊருக்குப் போறவங்களுக்கு நான் சொல்றது இதுதான்: மூணு உருண்டைப் பின்னோட, எர்த் உள்ள, கெட்டியான சாதா அடாப்டர் ஒண்ணு, கூடவே இங்க வீட்ல இருக்குற சேஃப்டி மார்க் (சிங்கப்பூரோட பாதுகாப்பு முத்திரை) போட்ட மூணு பாயிண்ட் எக்ஸ்டென்ஷன் ஒண்ணு. ஒரு அடாப்டர்ல மொத்தக் குடும்பத்து சார்ஜரும் முடிஞ்சுது. சார்ஜர் எல்லாம் சேத்தாலும் 200, 300 வாட் தாண்டாது. அந்த எக்ஸ்டென்ஷன்ல கெட்டில் மட்டும் சொருகாதீங்க. சேஃப்டி மார்க் பக்கத்துல பதிவு நம்பரும் இருக்கணும், பாத்து வாங்குங்க, முஸ்தபாவோ சிம் லிம் டவரோ எங்க வாங்குனாலும் சரி.

எர்த்துன்னு சொன்னதும் ஞாபகம் வருது, நிறைய பேர் கேப்பாங்க, "ஊர்ல லேப்டாப் சார்ஜ்ல இருக்குறப்ப மேல கை வச்சா சுர்ருன்னு இழுக்குது, ஷாக்கா?"ன்னு. உலோக பாடி லேப்டாப்பை எர்த் இல்லாத பாயிண்ட்ல போட்டா அப்படித்தான் இருக்கும். சார்ஜருக்குள்ள மின் இரைச்சலைக் குறைக்க ஒரு சின்ன கப்பாசிட்டர் கரண்ட் வர்ற பக்கத்தையும் லேப்டாப் பக்கத்தையும் இணைச்சிருக்கும், அது வழியா கசியுற கரண்ட் அது, ஒரு மில்லி ஆம்புக்கும் கம்மி. நல்ல சார்ஜரா இருந்தா ஆபத்து இல்ல, எர்த் உள்ள வயருக்கு மாத்துனா நின்னுடும். மலிவா வாங்குன போலி சார்ஜரா இருந்தா அந்த சுர்ருன்னு இழுக்குறதை நான் நம்பமாட்டேன், கழட்டித் தூரப் போட்டுடுவேன், ஏன்னா 230 வோல்டுக்கும் உங்க கைக்கும் நடுவுல அதுல எவ்வளவு இடைவெளி விட்டிருக்காங்கன்னு வெளியிலருந்து தெரியாது.

இப்ப பவர் பேங்க். இதுல மட்டும் யாருக்கும் சலுகை காட்டாதீங்க. செக்-இன் பெட்டியில போடவே கூடாது, கையிலதான் கொண்டு போகணும். ஊருக்குப் போற அட்டைப் பெட்டி எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியும், மைலோ, டைகர் பாம், சாக்லேட் எல்லாம் அடைச்சு, டேப் சுத்தி, கயிறு கட்டி, பேர் எழுதி, அதுக்கு நடுவுல மச்சானுக்குன்னு வாங்குன புது பவர் பேங்க் போயிடும். சாங்கி ஏர்போர்ட்ல ஸ்கேன்ல மாட்டுனா அத்தனையும் பிரிக்கணும். கெடுபிடிக்காக இல்ல இது. சரக்கு அறையில தீப்பிடிச்சா கையால அணைக்க ஆள் இல்ல, மேல சீட்டுக்குப் பக்கத்துல புகைஞ்சா உடனே தெரியும், பணியாளர் தண்ணி ஊத்திக் குளிர வச்சுடுவாங்க. 2025 ஜனவரி 28ல தென்கொரியாவுல பூசான் ஏர்போர்ட்ல ஏர் பூசான் விமானம் கிளம்புறதுக்கு முன்னாடியே தீப்பிடிச்சு மேல்கூரை முழுக்க எரிஞ்சு போச்சு, எல்லாரும் தப்பிச்சது பெரிய புண்ணியம். மேல சாமான் வைக்கிற இடத்துல இருந்த பவர் பேங்க்தான் காரணமா இருக்கலாம்னு விசாரணையில சொன்னாங்க. அந்த வருஷம் ஏப்ரல் 1லருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் விமானத்துக்குள்ள பவர் பேங்க்ல போன் சார்ஜ் பண்ணக்கூடாது, சீட்டு யூஎஸ்பியில பவர் பேங்கை சார்ஜ் பண்ணவும் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. கொரியாவுல மேல வைக்காம கையோட வச்சுக்கணும்னு கொண்டு வந்தாங்க. அந்த ஜூன் 28லருந்து சீனாவுல உள்நாட்டு விமானத்துல 3சி முத்திரை (சீனாவோட பாதுகாப்புச் சான்று) இல்லாததை எடுத்துட்டுப் போக முடியாது, பெய்ஜிங்ல இறங்கி இன்னொரு ஊருக்கு விமானம் மாறுறவங்க இதை மறந்துடாதீங்க. விதிகள் மாறிக்கிட்டே இருக்கு, டிக்கெட் எடுத்த ஏர்லைனோட இணையப் பக்கத்துல ஒரு தடவை பாத்துட்டுக் கிளம்புங்க.

அளவு கணக்கும் சுலபம்தான். பேட்டரியில எவ்வளவு சக்தி அடங்கும்ங்கிறதை வாட் ஹவர்னு சொல்லுவாங்க. 100 வாட் ஹவர் வரைக்கும் கேக்காம கொண்டு போகலாம், 100லருந்து 160 வரைக்கும் ஏர்லைன் அனுமதி வேணும், 160க்கு மேல கிடையாது. பவர் பேங்க்ல எம்ஏஎச்தான் பெரிசா போட்டிருக்கும், அதை ஆயிரத்தால வகுத்து 3.7ஆல பெருக்குங்க. 20,000னா 74, தாராளமா போகலாம். 30,000னா 111, அனுமதி வாங்கணும். எழுத்து தேஞ்சு போயி ஒண்ணுமே தெரியலன்னா அதிகாரி எடுத்து வச்சுக்க வாய்ப்பு இருக்கு, அதனால தேஞ்சதைக் கொண்டு போகாதீங்க. உப்பியிருந்தா, கீழ விழுந்து ஒரு பக்கம் நசுங்கியிருந்தா, அது வீட்டை விட்டு விமானத்துக்கு வரவே கூடாது. கேமராவுக்குத் தனி பேட்டரி எடுத்துட்டுப் போறவங்க முனையில டேப் ஒட்டி தனித்தனி கவர்ல போடுங்க, சாவிக்கொத்தோட சேத்துப் போட்டா ஷார்ட் ஆயிடும்.

இன்னும் ரெண்டு விஷயம், யாரும் சொல்லித் தர்றது இல்ல. கேட்ல வந்து "இடமில்ல, உங்க கைப்பெட்டியைக் கீழ அனுப்புறோம்"னு வாங்குவாங்க, அப்ப பெட்டியைக் கொடுக்குறதுக்கு முன்னாடி பவர் பேங்கையும் தனி பேட்டரியையும் எடுத்துக் கையில வச்சுக்கணும். அப்புறம், போன் சீட்டுக்கு நடுவுல விழுந்துட்டா சீட்டைச் சாய்க்காதீங்க, நிமிர்த்தாதீங்க, கையை விட்டுத் துழாவவும் வேண்டாம், பணியாளரைக் கூப்பிடுங்க. சீட்டுக்குள்ள இருக்குற இரும்பு போனை நசுக்குனா பேட்டரி அங்கயே பத்திக்கும். வயசான அப்பா அம்மா தனியா பறக்குறாங்கன்னா இதை வாயால ஒரு தடவை சொல்லி அனுப்புங்க.

ஏர்போர்ட்ல இருக்குற பொது யூஎஸ்பி ஓட்டையில நேரா போனை மாட்டாம சொந்த சார்ஜர்ல மாட்டுறது நல்லது, தகவல் திருட்டுன்னு பயமுறுத்துறதைவிட அந்த ஓட்டை எவ்வளவு தேஞ்சிருக்குன்னு யாருக்கும் தெரியாதுங்கிறதுதான் என் காரணம். குளிர் நாட்டுக்குப் போறவங்க, வெளிய பனியில இருந்த கேமராவை உடனே ஹீட்டர் ரூம்ல திறக்காதீங்க, ஜிப் பையில போட்டு மூடியபடி அறைச் சூட்டுக்கு வர விடுங்க, தண்ணி முத்து பைக்கு வெளியில நிக்கும், லென்ஸுக்குள்ள போகாது. கார் கண்ணாடிக்குக் கீழ போனை வெயில்ல விடுறது ஊர்லயும் சரி இங்கயும் சரி, பேட்டரிக்கு விஷம்.

பயணம் முடிஞ்சு வந்ததும் அடாப்டரை அப்படியே டிராயர்ல தூக்கிப் போடாம ஒரு தடவை வெளிச்சத்துல பாருங்க. பின் கறுத்திருந்தா, பிளாஸ்டிக் ஓரம் மஞ்சளாகி இருந்தா, ஆட்டுனா உள்ள கடகடன்னு சத்தம் வந்தா, அடுத்த தடவைக்குப் புதுசு வாங்கிக்குங்க. சாங்கியில வாங்காம முன்னாடியே வெளியில வாங்குங்க, விலையும் குறைவு, நின்னு நிதானமா லேபிளைப் படிக்கவும் நேரம் கிடைக்கும்.